கைக்கு வேலை கொடுத்த பிறகு: ஒரு முதியோர் இல்லமும் நான்கு வயதுப் பிள்ளைகளும்

முதல் நாள் சந்திப்பு முழுத் தோல்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இப்படி ஒரு திட்டம் தொடங்க நினைக்கிறவர்களில் நிறையப் பேர் முதலில் நாங்கள் செய்ததையேதான் செய்கிறார்கள்.

நான் அப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்தேன். அங்கே இருப்பவர்களுக்குப் பகல் பொழுதில் என்ன நடவடிக்கை, யாரை எதில் சேர்ப்பது என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தானாக நடக்க முடிந்தவர்கள், வாக்கர் வைத்திருப்பவர்கள், சக்கர நாற்காலியை விட்டு இறங்காதவர்கள், மறதிநோய் முற்றிப் பேச்சே நின்றுபோனவர்கள் என்று எல்லோரும் கலந்த இல்லம். நடந்து போகிற தூரத்தில் ஒரு மழலையர் பள்ளி. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையும் நானும் பேசி, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிவருவது என்று முடிவு செய்தோம்.

முப்பது பிள்ளைகள் வந்தார்கள். கூடத்தின் ஒரு பக்கம் வரிசையாக நின்று மூன்று பாட்டுப் பாடினார்கள். எதிரே பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கை தட்டினார்கள். நடுவில் ஒரு பாட்டி தன் காதில் இருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அந்தக் கீச்சுச் சத்தம் கருவி வழியாகக் கேட்கும்போது தலைக்குள் குத்துமாம், அப்புறம்தான் சொன்னார். ஒரு பெரியவர் ஆசையோடு கையை நீட்டி ஒரு சின்னப் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவன் அழ ஆரம்பித்தான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆளுக்கொரு வாழ்த்து அட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். போட்டோவில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை துப்புரவு செய்யும்போது பாதி அட்டைகள் நாற்காலிக்கு அடியில் கிடந்தன.

இரண்டு பக்கத்தையும் குறை சொல்ல எதுவுமில்லை. பிள்ளைகள் மேடையில் இருந்தார்கள், பெரியவர்கள் பார்வையாளர்களாக இருந்தார்கள், மேடையில் இருப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் உறவு எப்படி வரும்?

மறுத்த ஒருவர்

அடுத்த வாரம் அறை அறையாகப் போய்ப் பேசினேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாதவர், மூட்டு தேய்ந்ததால் மட்டும் இல்லத்துக்கு வந்தவர், நேராகவே கேட்டார்: "எங்களைப் பாக்கிறதுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரீங்களா, இல்ல பிள்ளைகளைப் பாக்கிறதுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா? ரெண்டுமே வேடிக்கைதான். நான் வரல."

எனக்கு அன்றைக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் இந்தத் திட்டத்தின் மொத்தக் குறையும். அதோடு, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. வயதானவர் என்றாலே குழந்தைகளைக் கண்டதும் உருகிவிடுவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது கொஞ்சம் அமைதி வேண்டும் என்று இருப்பவரும் உண்டு. அவரை வற்புறுத்திக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது சரியே இல்லை. பிள்ளைகளுக்கும் இதே விதிதான். கிட்டே போக மாட்டேன் என்கிற பிள்ளையைத் "தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று யாரும் தள்ளக் கூடாது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். டோக்கியோவின் எடோகாவா பகுதியில் கோட்டோஎன் என்று ஓர் அமைப்பு. அங்கே குழந்தைகள் காப்பகத்தையும் முதியோர் பராமரிப்பையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே காலை உடற்பயிற்சியே இரண்டு தலைமுறையும் சேர்ந்துதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராவிடன்ஸ் மவுண்ட் செயின்ட் வின்சென்ட் என்ற பெரிய முதியோர் இல்லம், சுமார் 400 பேர் வசிக்கிற இடம். 1991 முதல் அதே கட்டடத்துக்குள் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளைகள் அங்கேயே இருப்பதால் இரண்டு பக்கமும் போய் வருவது சாதாரணம். வீடற்றவர்களுக்காக இருவரும் சேர்ந்து சாண்ட்விச் செய்து கொடுப்பதுகூட அங்கே ஒரு நடவடிக்கை. லண்டனில் நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற முதியோர் இல்ல வளாகத்தில் 2017இல் ஒரு மழலையர் பள்ளி திறந்தார்கள், பிரிட்டனில் இந்த வகையில் அதுதான் முதல்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. எதுவுமே "நிகழ்ச்சி" இல்லை. அதே ஆட்கள், அதே இடம், திரும்பத் திரும்ப. செய்கிற காரியத்தில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. அந்த சாண்ட்விச் விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அங்கே பிள்ளையும் பெரியவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவருக்காக வேலை செய்கிறார்கள்.

உளவியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1954இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவர்மேல் ஒருவருக்குத் தப்பெண்ணம் உள்ள இரு கூட்டங்கள் சும்மா சந்தித்தால் மட்டும் அது போய்விடாது என்றார். சந்திப்பில் இருவருக்கும் சம நிலை இருக்க வேண்டும், பொதுவான இலக்கு இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அவர் யோசித்தது முக்கியமாக இனப் பாகுபாட்டைப் பற்றி. முதியவர்–சிறுவர் சந்திப்புகளுக்கும் ஆய்வாளர்கள் பின்னால் இதையே பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் முதல் நாளை இந்த நான்கோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடத் தேறாது.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்னதும் இங்கே சேரும். அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்க வேண்டும், அதை வளர்த்துவிட வேண்டும் என்ற தேவை மனிதனுக்கு நடுவயதில் வலுவாக வரும் என்றார் அவர். எழுபது எண்பதிலும் அது போய்விடுவதில்லை என்பதை நான் தினமும் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் எல்லாமே வந்து சேரும், மாத்திரை, சாப்பாடு, துவைத்த துணி, எல்லாம். "இதைக் கொஞ்சம் செஞ்சு குடுங்க" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மாற்றிய பிறகு

முப்பது பிள்ளைகளைப் பத்தாகக் குறைத்தோம். பெரியவர்களில் விருப்பம் சொன்ன ஒன்பது பேர். வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முக்கால் மணி நேரம். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும், அதனால் மாலை நேரம் வேண்டவே வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாரமும் அதே பத்துப் பேர், அதே ஒன்பது பேர். பிள்ளைகளை மட்டும் மாற்றி மாற்றி "எல்லாருக்கும் வாய்ப்பு" கொடுக்கலாமா என்று பள்ளி கேட்டது, கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம்தான் ஒரு பிள்ளை ஒரு பெரியவரைத் தேடிக்கொண்டு போகும். ஆளை மாற்றினால் அந்த ஐந்தாவது வாரம் வரவே வராது.

கூடத்தை விட்டுவிட்டுச் சின்ன அறைக்கு மாறினோம். டிவியை அணைத்தோம். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியைத்தான், பிள்ளைகளின் குரலோ அதே உயர்ந்த சுருதி. அதனால் எதிரொலிக்கிற பெரிய அறையில் பத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் பேசினால் பெரியவருக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். இரண்டு பேருக்கு ஒரு மேசை, பிள்ளை நின்றுகொண்டு, பெரியவர் உட்கார்ந்துகொண்டு. நான்கு வயதுப் பிள்ளை நின்றால் உயரம் ஒரு மீட்டர் இருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு அது கிட்டத்தட்டச் சரியாக வரும். எல்லோரும் குனிந்தே பேசிப் பழகிப்போன ஒருவருக்கு நேருக்கு நேராக ஒரு முகம் கிடைக்கிறது.

வேலைகளைத் தேர்ந்தெடுப்பதில், கையால் செய்து கற்கிற மாண்டிசோரி முறை கைகொடுத்தது. கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறு பிள்ளைகளுக்காக உருவான அந்த முறையை மறதிநோய் உள்ளவர்களுக்குப் பொருத்திக் காட்டியவர். காரணம் எளிமையானது. அல்சைமர் நோயில் நேற்று நடந்தது மறந்துபோகும், பேர் மறந்துபோகும், ஆனால் கை பழகிய வேலை, துணி மடிப்பதோ பொத்தான் போடுவதோ, ரொம்ப காலம் தாக்குப்பிடிக்கும். துணி மடித்தல், பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், மாவு பிசைதல் என்று ஆரம்பித்தோம்.

ஒரு பெரியவர் தையல்காரராக இருந்தவர். மறதிநோய். நாளைக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அவர் முன்னால் பொத்தான் டப்பாவை வைத்தோம், அவரோடு ஜோடி சேர்ந்த பையன் சிவப்புப் பொத்தான்களையெல்லாம் பொறுக்கி அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது வாரம் அவன் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டி அந்தப் பொத்தானைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நூலை ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊசி வேண்டும் என்று கேட்கிறார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

ஊசி கொடுக்கலாமா என்று நர்ஸிடம் ஒரு பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் மொட்டை முனையுள்ள பெரிய ஊசி, கெட்டி நூல், பெரிய கண் உள்ள பொத்தான், இடைவெளி விட்டு நெய்த துணி என்று ஏற்பாடு செய்தோம், பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம். அடுத்த செவ்வாய் அவர் துணியை எடுத்து, இரண்டு ஓரத்தையும் அந்தப் பையன் கையில் கொடுத்து, "இழுத்துப் பிடி" என்றார். அவன் இழுத்துப் பிடித்தான். தளர்த்தினால் "ம்" என்பார், அவன் மறுபடி இழுப்பான். நான்கு முறை ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார், நூலைப் பல்லால் கடிக்கப் போனவரிடம் ஆயா கத்தரிக்கோலை நீட்டினார். அவருடைய மகள் பிறகு என்னிடம் வந்து, அப்பா கடைசியாக எப்போது ஒருவருக்கு வேலை சொன்னார் என்றே தனக்கு ஞாபகம் இல்லை என்றார்.

இன்னொரு பெரியவருக்குப் பார்க்கின்சன் நோய், கை நடுங்கும். அவரைக் கண்டு ஒரு சின்னப் பெண் இரண்டு வாரம் டீச்சரின் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்தாள். "பயப்படாதே" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. டீச்சர் அவளிடம், "அவர் கோபமா இல்ல, குளிரவும் இல்ல. அவர் கைக்கு ஒரு நோய், அவர் சும்மா இருன்னு சொன்னாலும் அது கேக்காது" என்றார். அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் அவர் வரைய ஆரம்பித்தபோது அவளாகவே வந்து காகிதத்தின் இரு மூலையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பிசகிய இடங்கள்

பாதுகாப்பில் ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மழலையர் பள்ளிக்கான பட்டியலும் மறதிநோய்ப் பிரிவுக்கான பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னப் பொருள் கூடாது, விஷச் செடி கூடாது, கதவு தானாகத் திறக்கக் கூடாது. பொத்தான்கூடப் பெரிய அளவுதான், எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு: விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் ஒரு சின்ன இடிக்கே கன்றிப்போகும் என்பதால் ஓடிவந்து மடியில் ஏறக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில், எந்தப் பெரியவரோடும் எந்தப் பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, போட்டோவுக்கு இரு குடும்பத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

மூன்றாவது மாதம் வயிற்றுப்போக்கு வந்தது. பள்ளியில் தொடங்கி ஒரே வாரத்தில் இல்லத்தில் ஆறு பேருக்கு. ஒரு பாட்டி உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று, நல்ல வேளையாகத் திரும்பி வந்தார். தப்பு எங்களுடையது. வாசலில் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். நோரோவைரஸ் போன்ற கிருமிகள் ஆல்கஹால் திரவத்துக்கு அவ்வளவாகச் சாவதில்லை, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும், குறைந்தது இருபது நொடி. அதன்பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ நின்று 48 மணி நேரம் ஆகாத யாரும், பிள்ளையோ பெரியவரோ டீச்சரோ, செவ்வாய்க்கிழமை வரக் கூடாது என்று விதி வைத்தோம். பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிற நோயும் உண்டு: அக்கி வந்தவரின் கொப்புளத்தைத் தொட்டால், சின்னம்மையோ அதற்கான தடுப்பூசியோ இதுவரை காணாத பிள்ளைக்குச் சின்னம்மை வரலாம். மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

ஐந்தாவது மாதம் ஒரு மரணம். பொத்தான் தாத்தா இல்லை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டி. ஊழியர்களில் ஒருவர் நல்லெண்ணத்தில் பிள்ளைகளிடம் "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். நானும் அந்த நிமிஷம் திருத்தவில்லை, இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அந்தப் பாட்டியோடு ஜோடியாக இருந்த பெண் அடுத்த இரண்டு செவ்வாயும் "எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே, பாட்டியின் தண்ணீர்க் குவளையை யாருக்கும் தராமல் கையிலேயே வைத்திருந்தாள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் பலர் செத்துப்போனவர் திரும்பி வருவார் என்றே நினைக்கிறார்கள், அந்த நினைப்பை நாங்களே கெட்டிப்படுத்திவிட்டோம். "தூங்கிட்டாங்க" என்று சொல்வது இன்னும் மோசம், ராத்திரி தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. பெற்றோருக்கு முதலில் தகவல் சொல்லி, பிறகு டீச்சர் வட்டமாக உட்கார வைத்து, "பாட்டி செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே வர மாட்டாங்க" என்று அந்த வார்த்தைகளிலேயே சொன்னார். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப செடிக்கு யாரு?" என்று கேட்டாள்.

இல்லத்திலும் இதைப் பேச வேண்டியிருந்தது. வழக்கமாக ஒருவர் இறந்தால் மற்றவர்களுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகக் கொண்டுபோவோம். பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்லிவிட்டுப் பெரியவர்களிடம் மறைப்பது எப்படி நியாயம் என்று நர்ஸ்தான் கேட்டார். அந்த வழக்கம் அதோடு நின்றது.

என்ன மாறியது

அளந்து சொல்லக்கூடியது என்னிடம் குறைவு. தொடங்கும் முன்பே எல்லோருடைய மனநிலையையும் நடையையும் குறித்து வைத்திருக்க வேண்டும், அதை நாங்கள் செய்யவில்லை. 2017இல் பிரிஸ்டல் நகரில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக 11 பெரியவர்களையும் 10 பிள்ளைகளையும் ஆறு வாரம் சேர்த்து வைத்தபோது முன்னும் பின்னும் அளந்தார்கள். பலருக்கு மனச்சோர்வு குறைந்தது, உடல் இயக்கம் கூடியது. அதிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, ஆட்களும் கொஞ்சம், கேமராவும் கூடவே இருந்தது. ஆகவே இது மருந்து மாதிரி வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். ஒன்பது பேரில் ஆறு பேர் செவ்வாய்க்கிழமை யாரும் எழுப்பாமல் தயாராகியிருந்தார்கள். இருவருக்குப் பெரிய மாற்றம் எதுவுமில்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார், சத்தம் தாங்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில், யாராவது மெதுவாகப் பேசினால் காத்திருந்து கேட்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார், வகுப்பிலும்.

ஊழியர்கள் விஷயம்தான் நான் அதிகம் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் இரண்டு வாரம் விடுப்பில் போனேன், அந்த இரண்டு செவ்வாயும் சந்திப்பு நடக்கவில்லை. யாரும் எதிர்க்கவில்லை, யாருடைய வேலைப் பட்டியலிலும் அது இல்லை, அவ்வளவுதான். பெரியவர்களைக் குளிப்பாட்டித் தயார் செய்வது, தள்ளிக்கொண்டு வருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் ஏற்கெனவே முதுகு ஒடிய வேலை பார்க்கிற ஆயாக்கள் தலையில் விழுகிறது. அன்பு என்ற பெயரில் அவர்களிடமிருந்து கூடுதல் உழைப்பைப் பிடுங்கக் கூடாது. திரும்பி வந்ததும் நிர்வாகத்திடம் பேசி, செவ்வாய்க் காலைப் பணி அட்டவணையில் ஓர் ஆளைக் கூடுதலாகப் போட வைத்தேன், சந்திப்பு நேரத்தைப் பணி நேரமாகவே எழுதினோம். ஆல்போர்ட் சொன்ன நாலாவது நிபந்தனையின், அதாவது மேலிருப்பவர்களின் ஆதரவு என்பதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வயசானாலே குழந்தை மாதிரிதான்" என்ற பேச்சை அந்த அறைக்குள் தடை செய்தோம். இவர்கள் குழந்தைகள் அல்ல. மாவு பிசைவது பிள்ளைக்கு விளையாட்டு, அவருக்கு அறுபது வருஷம் செய்த வேலை. அதே மேசையில் இருந்தாலும் ஒருவர் கற்றுக்கொள்கிறார், ஒருவர் தெரிந்து செய்கிறார். மழலைக் குரலில் பெரியவரிடம் பேசும் ஊழியரை நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

வர மாட்டேன் என்ற அந்த ஆசிரியை அம்மா கடைசி வரை வரவில்லை. ஆனால் பிள்ளைகள் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டைகளைப் பெரியவர்களில் பலரால் படிக்க முடியவில்லை என்று தெரிந்ததும், தன் அறையிலிருந்தே தடித்த பேனாவில் ஓர் அங்குல உயர எழுத்தில் எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்தார். வருஷ முடிவில் அந்தப் பத்துப் பிள்ளைகளும் பெரிய பள்ளிக்குப் போனார்கள், கடைசி மூன்று வாரமும் "இன்னும் ரெண்டு தடவை, இன்னும் ஒரு தடவை" என்று இரு பக்கமும் எண்ணியே விடைபெற்றோம். அடுத்த தொகுதியின் பட்டியலைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் படித்தவர், நடுவில் நிறுத்தினார்.

"இதுல ரெண்டு பேருக்கு ஒரே பேரு. ஒருத்தருக்குச் சிவப்புப் பேனா, ஒருத்தருக்கு நீலம். ரெண்டும் வாங்கிட்டு வாங்க."